எதிர்க்கரைக் கங்கு

எழுபத்திரண்டாவது குச்சியில் கங்கு செத்துக் கிடந்தது. சோணையன் அதன் முன் நின்றான். எப்போது செத்ததோ, எவ்வளவு நேரம் இந்த இடம் இருட்டாகக் கிடந்ததோ, எதிர்க்கரையில் தூக்கம் வராத எவனாவது குந்தி உட்கார்ந்து இந்தப் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தால் இந்நேரம் அவனுக்குத் தெரிந்திருக்குமே, அட அங்கே ஒரு ஆள் குறைகிறானே என்று. கையிலிருந்த திரியை அதன் நுனியில் ஒட்டி ஊதினான். பிடிக்கவில்லை. மார்கழிப் பனியில் நமுத்துப் போயிருந்தது. நுனியைக் கிள்ளி எறிந்து, முறுக்கைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, மறுபடி ஒட்டி மறுபடி ஊதினான். நூல் சீறியது, வெடியுப்பு வாடை மூக்கில் ஏறியது, சிவப்பு ஒரு கடுகளவு வந்து உளுந்தளவு ஆகி நின்றது. அப்பாடா. நான்கு எட்டு வைத்தால் எழுபத்து மூன்று. அதற்கப்புறம் எழுபத்து நான்கு. இப்படியே நூற்றெண்பது வரை. கண்மாய்க் கரை நெடுக நெஞ்சுயரத்துக்கு மூங்கில் குச்சி நட்டு, குச்சிக்கு ஒரு சாண் திரியைக் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் நெருப்பு வைத்திருந்தார்கள். இருட்டில் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நூற்றெண்பது துப்பாக்கிக்காரன்கள் மருந்துக்குத் தீ வைக்கிற திரியைக் கனலவைத்துக்கொண்டு கரைமேல் நிற்கிறார்கள். கிட்டே வந்து பார்த்தால் நூற்றெண்பது குச்சி, ஒரு சோணையன்.

சேதுசீமைப் படை வந்து இந்தக் கிளிக்குடிக் கண்மாயின் மேல்கரையில் உட்கார்ந்து ஒன்பது நாளாகிவிட்டது. தஞ்சாவூர்ப் படை கீழ்க்கரையில். நடுவில் இரண்டு கூப்பிடு தூரம் தண்ணீர். இவர்கள் திரி அவர்களுக்குத் தெரியும், அவர்கள் திரி இவர்களுக்குத் தெரியும். ராத்திரியானால் இரண்டு கரையிலும் சிவப்புப் புள்ளிகள், எவனும் இறங்கவில்லை. தெற்கே கோரையும் சேறும், இறங்கின மாட்டைக்கூட முழுசாக எடுக்க முடியாது. வடக்கே, கண்மாய் நிரம்பினால் வழிகிற கலுங்கைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் நெல்வயல். அதன் வழியாக இன்று அமாவாசை இருட்டில் முந்நூறு பேரும் போய், நாலாஞ்சாமம் தொடங்கும்போது தஞ்சாவூர்க்காரன் முதுகில் ஏறுவது என்று மங்களநாதச் சேர்வை முடிவு பண்ணினார். சேர்வை பேச்சில் சிக்கனம். கூட்டத்தை வைத்துச் சொன்னது நாலே வார்த்தை. அப்புறம் சோணையனைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து கெட்டித்து வைத்த மூன்று துப்பாக்கியைக் கவட்டைக் கம்புகளில் சாத்திக் காட்டினார். "அவங்க தண்ணியில இறங்கி இந்தப் பக்கம் வந்தா மட்டும் மூணையும் அடுத்தடுத்து சுடு. எங்க இருந்தாலும் நாங்க திரும்பிருவோம். வேற எதுக்கும் சுடாதே. பாம்பு கடிச்சாலும் வாயைப் பொத்திக்கிட்டு சாவு." பிறகு எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, தட்டில் சூடம் ஏற்றி, அதில் அடித்துச் சத்தியம் வாங்கினார்: மூன்று வேட்டுக் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து திரும்பவேண்டும். முந்நூறு பேரும் அடித்தார்கள். கூட்டத்தில் தம்பியின் கை எது என்று சோணையன் தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதை நினைக்கக்கூடாது என்றுதான் குச்சிகளை எண்ணிக்கொண்டே வருகிறான். எண்பது, எண்பத்தொன்று. சேர்வை கேட்டார், "திரி வேலை தெரிஞ்சவங்க உங்க வீட்டு ரெண்டு பேருதான். ஒருத்தன் இங்க இருக்கணும், ஒருத்தன் முன்வரிசைக்கு வரணும். யாரு?" அவ்வளவுதான் கேட்டார். சோணையன் வாயைத் திறந்தான். நிஜமாகவே திறந்தான், உதடு பிரிந்தது, நாக்கு எழுந்தது. நான் வர்றேன்ய்யா என்று சொல்லத்தான் திறந்தான். சொல்லவில்லை. ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் வீட்டில் இருக்கும் மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றுவிட்டு, கடைசிக் குட்டி கையை நீட்டிற்று. அதற்குள் பக்கத்திலிருந்து உடையணன், "நான் போறேன்யா, அண்ணன் இருக்கட்டும்" என்றான். பத்தொன்பது வயசு, கல்யாணம் ஆகாதவன், முன்வரிசை என்றால் அவனுக்குத் திருவிழா. சிரித்துக்கொண்டே வேறு, "நீ இன்னிக்கு விளக்கு வைக்கிற பொம்பளைண்ணே" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினான். சோணையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது வாய் கசக்கிறது. சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்டே என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது உண்மையா? திறந்த வாய் அதற்குத்தான் திறந்ததா, கொட்டாவிக்குத் திறந்ததா? மூன்று பிள்ளை இருக்கிறது, நியாயம்தானே. நியாயம்தான். நியாயம் என்றால் ஏன் இதைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறாய்? எண்பத்தைந்தா, எண்பத்தாறா? எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

அவர்கள் கிளம்பி மூன்று நாழிகை இருக்கும். செருப்பைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, துப்பாக்கித் திரியை மண்சட்டிக்குள் மறைத்துக்கொண்டு, ஒருத்தன் முதுகை ஒருத்தன் தொட்டுக்கொண்டு போனார்கள். முதல் பத்துப் பேருக்குள் உடையணன். இந்நேரம் கலுங்கைத் தாண்டியிருப்பார்களா? வயல் வரப்பில் பனி இருக்கும், கால் வழுக்கும், அவன் சின்ன வயசிலிருந்தே கவனமில்லாமல் காலை வைப்பான். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயசு. அதற்கப்புறம் சோணையனின் காதுமடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். பிடி தளர்ந்தால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம், மெல்ல எழுந்திருக்கலாம். அம்மை போட்டுப் பதினோரு நாள் வாழையிலையில் கிடந்தான். சோணையன் வேப்பங்குழையால் விசிறிக்கொண்டே அவன் மூச்சை எண்ணினான், எங்கே ஒன்று வந்து அடுத்தது வராமல் போய்விடுமோ என்று. அந்தப் பதினோரு நாளும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லையே. அப்போது பிள்ளைகள் இல்லை. ஆமாம், அப்போது பிள்ளைகள் இல்லை, அதனால் என்ன. உதடு காய்ந்துவிட்டது. ஊதி ஊதிக் கன்னம் வலிக்கிறது, தலை லேசாகக் கிறுகிறுக்கிறது. ஒவ்வொரு கங்கிலும் சாம்பல் கட்டும், அதைத் தட்டிவிட்டு ஊதினால்தான் உயிர் நிற்கும். ஊதும்போது பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். நிஜ ஆளும் அப்படித்தான் தன் திரியை அவ்வப்போது ஊதிக்கொள்வான். அதனால் அதில் பாதகமில்லை. ஆனால் சேர்வை ஒன்று சொல்லியிருந்தார், "வரிசையாப் போகாதே, அங்கொண்ணு இங்கொண்ணா ஊது" என்று. முதல் சுற்றில் அப்படித்தான் செய்தான். இருபதாவதை ஊதிவிட்டு நூறுக்கு ஓடினான், நூறிலிருந்து ஆறுக்கு. இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில் கால் தானாக வரிசைக்கு வந்துவிட்டது. வீட்டுக் கொல்லையில் வெடியுப்பில் முக்கிய திரிகளைக் கொடியில் காயப்போட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தே வளர்ந்த கை. அதற்கு வேறு மாதிரி வரவில்லை.

தொண்ணூற்றைந்து வாக்கில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தான். ஒன்பது நாளாகப் பார்க்கிற அதே புள்ளிகள்தான். அதில் ஒன்று பளிச்சென்று எரிந்து மங்கியது. எவனோ ஊதிக்கொள்கிறான். அதற்கு இடப்பக்கத்தில் இருந்தது பளிச்சென்று எரிந்து மங்கியது. பக்கத்தில் இருக்கிறவனும் ஊதுகிறான், ஒருத்தன் கொட்டாவி விட்டால் அடுத்தவனுக்கும் வருகிற மாதிரி. அதற்கடுத்தது. சோணையன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். அதற்கும் அடுத்தது. நாலு எட்டு நடக்கிற நேரம். ஒன்று எரிந்து மங்கியது. நாலு எட்டு. அடுத்தது. தெற்கிலிருந்து வடக்காக, அவசரமில்லாமல், வரிசை தவறாமல், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. தலைமயிர் ஒவ்வொன்றாகக் குத்திட்டு நின்றது என்பார்களே, சோணையனுக்கு அன்றைக்கு நின்றது. அங்கே படை இல்லை. அங்கே ஒரே ஒரு ஆள் நடந்துகொண்டிருக்கிறான். கன்னம் வலிக்க, உதடு காய, குச்சி குச்சியாக ஊதிக்கொண்டே போகிறான். அவனிடமும் எவனாவது வரிசையாகப் போகாதே என்று சொல்லியிருப்பான். அவன் காலும் கேட்கவில்லை.

இரு, இரு, பதறாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜமேதார் எவனாவது வரிசையாக வந்து, ஏன்டா தூங்குறியா, ஊதுடா என்று ஒவ்வொருத்தனையும் உதைத்துக்கொண்டு போகிறானோ என்னவோ. அப்படியும் இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் உதை வாங்கினவன் அசைவான், திரி கொஞ்சம் ஆடும். இந்தப் புள்ளிகள் அசையவில்லை, நட்டது நட்டபடி. நேற்று ராத்திரி அசைந்தன. நேற்று ஒருத்தன் சுருட்டுப் பற்றவைத்தான், ஒருத்தன் ஒன்றுக்குப் போக இறங்கினான், எல்லாம் இங்கிருந்தே தெரிந்தது, காத்தமுத்து அதைப் பார்த்து ஏதோ அசிங்கமாகச் சொல்லி உடையணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காத்தமுத்து உடையணனின் தோஸ்து, அவனும் இப்போது முன்வரிசையில் இருக்கிறான். சோணையன் எதையும் தொடாமல் நின்றான். பத்து எண்ணினான். எதிர்க்கரையில் அடுத்தது எரியவில்லை. இருபது எண்ணினான். எரியவில்லை. அவனும் நின்றுவிட்டான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் கங்கு வரிசையாக எரிந்ததை அவன் பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எதிர்க்கரையில் கடைக்கோடியில் ஒரு புள்ளி எரிந்தது. அப்புறம் நடுவில் ஒன்று. அப்புறம் இந்தக் கோடியில். ஓடுகிறான். அங்கொன்று இங்கொன்றாக ஊத ஆரம்பித்துவிட்டான். பிடிபட்ட பிறகுதான் புத்தி வரும் எல்லாருக்கும். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

அப்படியானால் அந்தப் படை எங்கே? இதற்கு யோசிக்கவே வேண்டாம். தெற்கே சேறு. வடக்கே ஒரே பாதை. இருட்டில், செருப்பைக் கழற்றிக்கொண்டு, திரியைச் சட்டியில் மறைத்துக்கொண்டு, நம் முதுகில் ஏற வருகிறார்கள், நாம் அவர்கள் முதுகில் ஏறப் போகிற அதே பாதையில், நேருக்கு நேராக. முதல் பத்துப் பேருக்குள் உடையணன். எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல், முன்னால் போகிறவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, ஒருவேளை காத்தமுத்துவிடம் ஏதாவது கிசுகிசுத்துக்கொண்டு. சுடவேண்டும். சுட்டால் திரும்பிவிடுவார்கள். ஆனால் தண்ணியில் இறங்கினால் மட்டும் என்றாரே. இறங்கவில்லையே. இது அதைவிடப் பெரிசு. பெரிசு என்று முடிவு பண்ண நீ யார்? ஒருவேளை அவர்கள் அந்தப் பாதையில் இல்லாமல், கரைக்குப் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால், அலுப்பில் ஒருத்தனை மட்டும் ஊத விட்டிருந்தால், என் வேட்டு அத்தனை பேரையும் எழுப்பிவிடும், நட்டநடு வயலில் உடையணன் மாட்டிக்கொள்வான். சுட்டாலும் அவன்தான், சுடாவிட்டாலும் அவன்தான். எதிர்க்கரைக்காரனும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் மூன்று துப்பாக்கி கொடுத்திருப்பார்கள். அவன் தம்பியும் போயிருப்பானோ? அவன் ஏன் சுடவில்லை? அவன் சுட்டால் அவன் படை திரும்பும், என் தம்பி பிழைப்பான். சுடேன்டா. சுட்டுத் தொலையேன். ஒரு ஐம்பது எண்ணுகிறேன், அதற்குள் நீ சுடு. ஐம்பது எண்ணினான். எதிர்க்கரையில் ஒரு கங்கு எரிந்து மங்கியது, அவ்வளவுதான்.

கவட்டைக் கம்புகளுக்கு முன்னால் வந்து நின்றபோது வாய் திறந்திருந்தது. மறுபடி அதே மாதிரி. சாயங்காலம் சேர்வை முன்னால் திறந்த மாதிரியே உதடு பிரிந்து, நாக்கு எழுந்து, ஒன்றும் வராமல் நின்றது. அதுதான் அவனைத் தள்ளியது. இன்றைக்கு ஒரு தடவை சும்மா நின்றாயிற்று, இனி ஒரு தடவை நிற்கமாட்டேன். அந்த ஒரு நொடிக்கு இந்த ஒரு நொடி சரியாகப் போகட்டும். முதல் துப்பாக்கியின் காதில், திரி வைக்கிற துளையில், மருந்து காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. திரியை வைத்தான். வேட்டு கண்மாய் முழுக்க உருண்டு போய்த் திரும்பி வந்தது, நாரைகள் மரத்தோடு பெயர்ந்த மாதிரி எழுந்தன. இரண்டாவது. கண் கூசிவிட்டது, மூன்றாவதன் காதைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று, அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட வேண்டாம் என்று விட்டிருக்கலாம். மூன்றாவது. அப்புறம் புகை. புகை விலகியதும் எதிர்க்கரையைப் பார்த்தான். அவன் பதிலுக்குச் சுடவில்லை, கத்தவில்லை. ஒரு கங்கு எரிந்து மங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடக்கே சத்தமில்லை. நல்லது. திரும்பிவிட்டார்கள். முந்நூறு பேரும் எழுந்து, சத்தியம் பண்ணினபடி ஏன் எதற்கு என்று கேட்காமல், அப்படியே திரும்பி, முன்னால் போனவன் பின்னால், பின்னால் வந்தவன் முன்னால். சோணையன் நின்றான். முன்னால் போனவன் பின்னால். முதல் பத்துப் பேருக்குள் போனவன் இப்போது கடைசிப் பத்துப் பேருக்குள். எதிரே வருகிறவனுக்கு மிகக் கிட்டத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. ஐயோ, இதை யோசிக்கவில்லையே, எல்லாவற்றையும் யோசித்தேன், திரும்பினால் வரிசை தலைகீழாகும் என்று ஒரு சின்னப்பிள்ளைக்குத் தெரியுமே. அப்போதுதான் வடக்கே முதல் வெடி கேட்டது. ஒன்று, அப்புறம் ஒரு பிடி உளுந்தைச் சட்டியில் போட்டு வறுக்கிற மாதிரி படபடவென்று. வயல் தண்ணீரில் ஆட்கள் ஓடுகிற சத்தம். ஒரு குரல், யாருடையது என்று தெரியாத குரல், நீளமாகக் கூப்பிட்டு நடுவில் நின்றது. இருட்டில் அங்கங்கே மின்னியது, மின்னினபோதெல்லாம் பனைமரங்கள் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. சோணையன் ஓடவில்லை. ஓடவேண்டும் என்று நினைத்தான். ஆனால் கங்குகளை விட்டுப் போனால் ஓடிவருகிறவர்களுக்குக் கரை எங்கே என்று எப்படித் தெரியும்? அதனால் நூற்றியிருபதை ஊதினான். நூற்றியிருபத்தொன்று. அவசரத்தில் சாம்பலோடு கங்கையும் தட்டிவிட்டான், மறுபடி பற்றவைத்தான். இது அவனுடைய மூச்சு இல்லை, கிறுக்கா, இது வெறும் திரி. தெரியும். தெரிந்தும் ஒன்றுகூட அணையக்கூடாது என்று அழுதுகொண்டே ஊதினான், அணைந்தால் அவன் போய்விடுவான் என்று. நூற்றியிருபத்திரண்டு. நூற்றியிருபத்து மூன்று.

கீழ்வானம் வெளுக்கிறபோது வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் பின்வரிசைக்காரர்கள், காயமில்லாமல், சேற்றோடு, ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் காயம்பட்டவர்கள். அப்புறம் தோளில் தூக்கப்பட்டவர்கள். தஞ்சாவூர்க்காரனும் இருட்டில் அடிபட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டானாம். ஒருத்தனும் ஜெயிக்கவில்லை. மங்களநாதச் சேர்வை தொடையில் துணி கட்டி, ஒருத்தன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, காலியான மூன்று துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதைக் கண்டு சுட்டே?"

"எதிர்க்கரையில ஆள் இல்லைய்யா. ஒருத்தன்தான் நடந்து நடந்து ஊதிக்கிட்டிருந்தான், என்னைய மாதிரியே. எல்லாரும் நம்ம பாதையிலதான் எதிர வர்றாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான்."

சேர்வை தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சரியாத்தான் கண்டிருக்கே. நாங்களும் கண்டுக்கிட்டோம். உன் தம்பிதான் முதல்ல. காதைத் தரையில வச்சுக் கேட்டுட்டு, வர்றாங்கய்யான்னான். எல்லாரையும் பாதைக்கு ரெண்டு பக்கமும் வயல்ல படுக்க வச்சேன். வந்தாங்க. எங்களைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்தாங்க, பாதிப்பேர் தாண்டியாச்சு, மூச்சுவிட்டா கேட்கிற தூரம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மொத்தப் பேரும் எங்களுக்கு நடுவுல வந்திருப்பாங்க." அந்த நேரத்தில்தான் மூன்று வேட்டுக் கேட்டது. சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினவர்கள், ஏன் எதற்கு என்று கேட்காமல், எதிரியின் காலடியில் படுத்துக் கிடந்தவர்கள், எழுந்து நின்றார்கள். "முப்பத்தொரு பேரு" என்றார் சேர்வை, கண்ணை மூடிக்கொண்டு. சோணையனுக்கு அந்த முப்பத்தொன்றில் ஒரு முகம்தான் தெரிந்தது. மற்ற முப்பதும் அவனுக்கு வெறும் எண்ணிக்கைதான். அப்படித்தான் இருந்தது, என்ன செய்ய. என் தம்பி என்ன ஆனான் என்று கேட்க வாயைத் திறந்தான். இந்தத் தடவையும் வரவில்லை. கேட்காதவரைக்கும் அவன் இருக்கிறான்.

கடைசியாகத்தான் வந்தான் உடையணன். கலுங்குப் பக்கமிருந்து தனியாக, காத்தமுத்துவை முதுகில் போட்டுக்கொண்டு. காத்தமுத்துவின் இரண்டு கையும் அவன் நெஞ்சுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. நன்றாக விடிந்துவிட்டது, கங்குகள் எதுவும் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, புகை மட்டும் தெரிந்தது. சோணையன் கரையிலிருந்து சரிந்து விழுந்து எழுந்து ஓடினான். தம்பியின் கண், தம்பியின் மூக்கு, நெற்றியில் ஒரு கீறல், இரண்டு காலும் இரண்டு கையும் இருந்தன. தோளைத் தொட்டான்.

"தொடாதே" என்றான் உடையணன்.

காத்தமுத்துவை இறக்கிப் புல்லில் படுக்கவைத்தான். வேட்டியால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி பேசினான்.

"மூணு வேட்டும் கேட்டுச்சு. இவன் எந்திரிச்சான். சத்தியம்டான்னு என் கையைப் பிடிச்சு இழுத்தான். நான் எந்திரிக்கலை. படுத்தே கிடந்தேன்."

"ஏன்டா?" என்று சோணையன் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக்கூடாது.

உடையணன் அப்போதுதான் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"நீ சுட்டதுன்னு தெரியும்ல. எனக்காகப் பயந்துதான் சுட்டிருப்பே, வேற ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும். சாயங்காலமே உன் மூஞ்சியைப் பார்த்தேனே. மத்தவங்களுக்கு அது தெரியாதுல்ல. அவங்க எந்திரிச்சுட்டாங்க."

சோணையன் தலையைக் குனிந்துகொண்டான். குனியாவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தொரு பேர் செத்துக் கிடக்கிறார்கள், இதோ காலடியில் காத்தமுத்து கிடக்கிறான், இனி இந்தத் தம்பி தன்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டான், சேர்வை நாளைக்கு என்ன செய்வாரோ தெரியாது. இத்தனையும் தெரிந்தும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கி, பொங்கி, அடங்கமாட்டேன் என்றது. இருக்கிறான். பேசுகிறான். என்னைத் திட்டுகிறான். பாவி மனசே, கொஞ்சம் சும்மா இரு, செத்தவன் முன்னாலாவது சும்மா இரு என்று பல்லைக் கடித்தான். அது கேட்கவில்லை. உடையணன் மறுபடி காத்தமுத்துவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தபோது, சோணையன் போய்க் கால் பக்கம் தூக்கினான். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கரைமேல் ஏறினார்கள்.